சுற்றவாளி

மூண்டாம் எதிரி எண்டு கூப்பிட்டாங்கள்.
என்ரை பேர் ரெஜினோல்ட்.
அப்பா சூசைப்பிள்ளையைப் பொலிஸ்
சூசப்பு எண்டு எழுதினது
இண்டைக்கும் பைலுக்குள்ளை அப்பிடியே கிடக்குது.
திருத்துங்கோ எண்டு கேட்டன்.
"பேரிலை என்ன ஐசே, குற்றம் சரிதானே?"

முதலாம் எதிரி ரக்டர் ஓடினவன்.
ரண்டாம் எதிரி பெட்டி திறந்தவன்.
எனக்கு ஒரு சவள்.
அதுவும் சான்றுப்பொருள்,
துண்டு கட்டிச் சுவரிலை சாத்தியிருக்கு,
பிடியிலை மணல் காய்ஞ்சுபோய்.

குடத்தனையிலை விடியப்புறம் ரண்டு மணி.
அனுமதிப் பத்திரம் இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை.
கேக்கிற ஆளைப் பவளேந்திரன் முதலாளி
மற்ற நாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்.
லோட்டுக்கு ஆயிரத்தைந்நூறு.
அது மட்டும் வடிவாத் தெரியும்.

கோட்டுக்கு எதிரிலை தேத்தண்ணிக் கடை.
முதலாளி தோளிலை கை போட்டார்.
"ஒப்புக்கொள்ளடா தம்பி, குற்றக்காசு நான் கட்டுறன்,
வழக்கு முடிஞ்சால்தான் ரக்டர் வெளியிலை வரும்.
இல்லையெண்டு நிண்டால் தவணை, தவணை, தவணை.
பஸ் காசே உன்னைத் திண்டிடும்."
அவற்றை லோயர் கறுப்புக் கோட்டைக் கழட்டிக்
கையிலை வைச்சபடி தலையாட்டினார்.
எங்கள் மூண்டுபேருக்கும் அவர்தான் லோயர்.
பார்த்தது முதலாளியை.

சட்ட உதவிக் கந்தோரிலை
யசோமதி எண்ட சட்டத்தரணி,
என்ரை வயசுதான் இருப்பா,
வருமானம் கேட்டா. சொன்னன்.
"மாதத்துக்கோ?" "வந்தால்" எண்டன்.
பேனையை வைச்சிட்டுச் சொன்னா:
தண்டத்தோடை முதலாளிக்கு முடிஞ்சிடும்,
உங்களுக்கு விரலடையாளம் மிஞ்சும்.
கட்டாருக்குப் பொலிஸ் றிப்போட் எடுக்கேக்கை
இந்தப் பத்து நிமிசம் முன்னுக்கு வந்து நிக்கும்.

அப்ப நான் பிழை செய்யேல்லையோ எண்டு கேட்டன்.
அவ உடனை ஒண்டும் சொல்லேல்லை.
மேசைக் காத்தாடி என்னைப் பார்த்தது, அவவைப் பார்த்தது.
"பிழை வேறை. அவை நிரூபிக்கவேண்டியது வேறை."

சொல்லவேண்டிய சொல்லையும் சொல்லித் தந்தா.
சுற்றவாளி.
சுத்தித் திரியிறவன் எண்டு நினைச்சன்.
அதுவும் பொய்யில்லை:
பஸ், கோடு, வாங்கு, பஸ்,
விடுபட்ட கூலி, திரும்பவும் பஸ்.

குற்றவாளிக்கும் சுற்றவாளிக்கும் நடுவிலை
ஒரேயொரு எழுத்து.
நாக்கு வழக்கமாய்ப் போறது முதல் எழுத்துக்கு.
இரவு அடுப்படியிலை டிலுக்சி
பத்துத்தரம் சொல்லுவிச்சா.
சு, சு எண்டு நான் தொடங்க,
சூ பெய்ய எழுப்பிறம் எண்டு
சின்னவன் பாயாலை எழும்பி நிண்டான்.
சிரிச்சம். கனநாளைக்குப் பிறகு.

முதலியார் குற்றப்பத்திரிகை வாசிச்சார்.
திகதி, சட்டத்தின்ரை இலக்கம்,
சிறையோ பணமோ அல்லது ரண்டுமோ.
நான் நிலத்தைப் பார்த்தன். சீமெந்து.
இதுக்கும் எங்கையோ இருந்து மணல் வந்திருக்கும்,
ஆரோ ஒருத்தன் ஏத்தியிருப்பான்.

முதலாம் எதிரி: குற்றவாளி.
ரண்டாம் எதிரி: குற்றவாளி.
முத்தின தேங்காய் விழுறமாதிரி விழுந்தது.
மூண்டாம் எதிரி?

முதலாளி திரும்பிப் பார்த்தார்.
தொண்டைக்குள்ளை ஒரு லோட்.
சு எண்டிட்டு மிச்சத்தை விழுங்கினன்.
நீதவான் கண்ணாடியைக் கழட்டினார்.
"முழுசாச் சொல்லும்."

சொன்னன்.

தட்டெழுத்து ஒருக்கால் நிண்டு பிறகு ஓடிச்சுது.
அடுத்த தவணை மார்கழி ஒன்பது.
வெளியிலை முதலாளி காசு எண்ணிக்கொண்டு நிண்டார்,
ரண்டுபேருக்கு.
நானும் எண்ணினன்.
வல்லிபுரம் மட்டும் பஸ்சுக்குக் காணும்.
மிச்சத்துக்கு நடை.